நாலு மணிக்கு இறங்கும் ஊசி

நான் வேலை பார்த்த காலம் முழுவதும் மழையை அளந்தேனே தவிர, ஒரு நாளாவது மழை வரும் என்று சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்பது நடைமுறை. வானிலை அவதானிப்பு நிலையத்தில் இருப்பவன் பார்ப்பான், எழுதுவான், அனுப்புவான். எதிர்வுகூறுவது தலைநகரத்தில் இருப்பவர்களின் உரிமை. நான் வெப்பமானியை வாசித்தேன். மழைமானியில் விழுந்ததை அளவைக் குழாயில் ஊற்றிக் கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்தேன். வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, அதில் எத்தனை பங்கை முகில் மூடியிருக்கிறது என்று எழுதினேன். ஈரக்குமிழ் வெப்பமானியில் சுற்றுகிற துணியை நான் துவைத்து வைத்திருந்த வெண்மையில் என் வேட்டி ஒரு நாளும் இருந்ததில்லை என்று மனைவி இன்றைக்கும் சொல்லுவாள்.

நிலையத்தில் எனக்குப் பிடித்த கருவி ஒரு கண்ணாடி உருண்டை. வெயில் அதனூடாகக் குவிந்து, பின்னால் செருகிய அட்டையில் ஒரு கோட்டை எரித்துக்கொண்டே போகும். முகில் மறைத்தால் கோடு அறுந்துவிடும். சூரியன் தானே நேரில் வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போகிற வரவுப் பதிவு அது. அவ்வளவு ஒழுங்காகக் கையெழுத்து வைத்த வேறெந்த அதிகாரியையும் நான் கண்டதில்லை.

ஊரில் இந்த நடைமுறை எவருக்கும் விளங்கவில்லை. "ஐயா, நாளைக்கு மழை வருமோ?" என்று சந்தியில் மறித்துக் கேட்பார்கள். "நாளைக்குப் பின்னேரம் சொல்லுறன்" என்பேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். நான் விதியைச் சொன்னேன்.

ஓய்வு பெற்ற அன்று எனக்குக் காற்றின் அமுக்கத்தைக் காட்டுகிற ஒரு பாரமானி தந்தார்கள். வட்டமான மரச்சட்டத்தில் பித்தளை விளிம்பு, நடுவில் ஒரு ஊசி. வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினேன். "மணியும் பாக்கேலாத மணிக்கூடு" என்று மனைவி பெயர் வைத்தாள். நாள் போகப் போக அதைத் தூசி தட்டுவது அவளுடைய வேலையாகவும், அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பது என்னுடைய வேலையாகவும் ஆகிவிட்டது.

எங்கள் வீடு வலிகாமத்தில், காங்கேசன்துறைக் கடலிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. எங்களுக்கு ஆறு கிடையாது, மலை கிடையாது. மழை விழுந்து சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும். அதைக் கிணற்றால் அள்ளுகிறோம். நாங்கள் அள்ளாமல் விட்டது கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீராக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆகவே இங்கே வானம் என்பது தண்ணீர் வழங்கும் அரசாங்கக் கந்தோர். நேரம் தவறினால் முறைப்பாடு செய்ய ஒருவரும் இல்லை.

அந்தக் கந்தோர் எப்படி இயங்குகிறது என்று யாராவது கேட்டால் நான் வீட்டுக்குள்ளேயே உதாரணம் காட்டுவேன். தரையும் கடலும் ஒரே வெயிலைத்தான் வாங்குகின்றன. தரை உடனே சூடேறும், உடனே ஆறும். கடல் அப்படியல்ல. மாதக்கணக்காக வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும், எல்லோரும் மறந்த பிறகு ஆறுதலாகத் திருப்பித் தரும். தரை நான், கடல் என் மனைவி. எனக்குக் காலையில் வந்த கோபம் மத்தியானச் சாப்பாட்டோடு தீர்ந்துவிடும். நான் சித்திரையில் சொன்ன ஒரு சொல்லுக்கு அவள் கார்த்திகையில் பதில் தருவாள். அதனால்தான் சூரியன் தெற்கே போய், வெயில் இளைத்துப்போன பிறகு எங்களுக்குப் பெருமழை வருகிறது. வங்காள விரிகுடா வைகாசியிலும் ஆனியிலும் வாங்கியதை அப்போதுதான் திருப்பித் தருகிறது. இந்த உதாரணத்தை மனைவி முதல்முறை கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. நான் இன்னும் காத்திருக்கிறேன்.

இந்தப் பாரமானியால் வீட்டுக்குள் வந்த வினை என் மைத்துனர். மனைவியின் தம்பி. வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் செம்மண் தோட்டம், சின்ன வெங்காயம் செய்பவர். அந்த வருடம் மார்கழி மழை நீண்டுபோனதால் பிந்தி நட்டிருந்தார். விதைக்கென்று கொட்டிலில் கட்டித் தூக்கியிருந்த வெங்காயம் முழுவதையும் நட்டுவிட்டார், ஒரு பிடிகூட மிச்சம் வைக்கவில்லை. சின்ன வெங்காயத்துக்கு வெங்காயமேதான் விதை. தோட்டத்தில் நிற்பது போனால் வைகாசியில் நடுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. வெளியில் விதை வாங்கலாமே என்பீர்கள். மற்றவனுடைய விதையை நடுவது அவருக்கு மற்றவனுடைய பிரஷால் பல் விளக்குவது போல. தன்னுடைய விதை தன்னுடைய மண்ணுக்குப் பழகினது என்பார். அதற்காகக் கோயிலில் நேர்த்தி வைத்ததும் எனக்குத் தெரியும்.

தை பிறந்து பின்னேரத் தேத்தண்ணிக்கு வந்த ஒரு நாள், மேசையிலிருந்தபடியே தலையை நிமிர்த்தி ஊசியைப் பார்த்தார்.

"அத்தான், காலமை இது உங்கை நிண்டது. இப்ப இறங்கி நிக்குது!"

"ஓம், இறங்கும்."

"இறங்கினா தாழமுக்கம், மழை வருமெல்லோ?"

நான் பதில் சொல்லுவதற்கு முன்னரே அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார். கனடாவில் அவருக்கும் என் மனைவிக்கும் மூத்த அண்ணை இருக்கிறார். அவர் அங்கே சன்னலுக்கு வெளியில் பனி கொட்டுவதை மறந்துவிட்டு எங்கள் ஊர் மழையைச் செயலியில் பார்த்துக்கொண்டிருப்பவர். மெல்போர்னில் ஒரு தங்கச்சி. அவளிடம் வேறொரு செயலி. மூன்று கண்டங்கள் ஒரே தொலைபேசியில் கூடி எங்கள் ஒழுங்கையின் வானத்தை ஆராய்ந்தன. இறுதியில் மழை இல்லை என்று தீர்மானம் நிறைவேறியது. மழை இல்லைத்தான்.

மறுநாள் நாலு மணிக்கு ஊசி மீண்டும் இறங்கியது. மைத்துனர் மீண்டும் கனடாவை எழுப்பினார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அண்ணைக்கு அங்கே விடியாத நேரம். "டேய், உந்த ஊசியை உடைச்சு எறியச் சொல்லடா உன்ரை அத்தானிட்டை" என்று அவர் சொன்னது ஒலிபெருக்கியில் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

ஆகவே ஒரு நாள் அவரை இருத்தி வைத்துப் பாடம் எடுத்தேன். பாரமானியை வாசிப்பதற்கு முன் கண்ணாடியை விரல் நுனியால் மெல்லத் தட்ட வேண்டும். இளநீர் முற்றிவிட்டதா என்று பார்ப்பதுபோலத் தட்டக்கூடாது. இது முதலாவது. இரண்டாவது, கடலுக்கு வற்றுப்பெருக்கு இருப்பதுபோல மேலேயுள்ள காற்றுக்கும் இருக்கிறது. கடலுக்கு அதைச் செய்வது பெரும்பாலும் சந்திரன், காற்றுக்குச் செய்வது சூரியன். வெயில் உயரத்துக் காற்றைச் சூடாக்கச் சூடாக்க, வளிமண்டலம் முழுவதும் நாளுக்கு இருமுறை ஊஞ்சல் ஆடும். எங்கள் பக்கத்தில் காலை பத்து மணிவாக்கில் அமுக்கம் உச்சத்துக்கு ஏறும், பின்னேரம் நாலு மணிக்கு இறங்கும். இரவும் இதே ஆட்டந்தான். நல்ல வெயில் காலத்தில் இதைப் பார்த்தே மணிக்கூட்டைத் திருத்தலாம்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் பாத்துப் பயந்தது..."

"சூரியனைப் பாத்து."

"சீ!" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "அப்ப அது மூச்சு விடுது" என்றார்.

மோசமான விளக்கம் இல்லை. ஆனால் அன்றோடு அவர் பேராசிரியராகிவிட்டார். ஒழுங்கையில் யாராவது வானத்தை அண்ணாந்து பார்த்தால், "உது ஒண்டுமில்லை, மூச்சு விடுது" என்பார். கடைக்காரருக்கும் சொன்னார், சலூனிலும் சொன்னார். அண்ணைக்கு எடுத்து அரை மணித்தியாலம் விளக்கினார். அன்றைக்கு என் பெயர் ஒருமுறைகூட அடிபடவில்லை. நானும் இந்தத் தொல்லை ஒழிந்தது என்று சந்தோசப்பட்டேன்.

மாசியில் ஒரு நாள் காலை மீன் வாங்கக் காங்கேசன்துறைப் பக்கம் போனேன். கரையில் காற்று அதிகமில்லை, ஆனால் அலை நீளநீளமாக, அவசரமில்லாமல் வந்து விழுந்துகொண்டிருந்தது. அப்படி வருகிற அலையை எங்கள் காற்று எழுப்புவதில்லை. எங்கோ தூரத்தில் வேறொரு காற்று எழுப்பிய அலை அது. கிழக்கே உயரத்தில் முடி சிலும்பியதுபோல மெல்லிய முகில். வள்ளங்களை வழமையைவிட மேலே இழுத்து வைத்திருந்தார்கள். மீன் விற்றவரிடம் கேட்டேன்.

"கடல் ஒரு மாதிரிக் கிடக்குது ஐயா. நாங்கள் இண்டைக்குப் போகேல்லை."

"அப்ப உந்த மீன்?"

"இது நேற்றையான்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகக் கவலைப்பட்டார்.

வீட்டுக்கு வந்து பத்து மணிக்குக் கண்ணாடியைத் தட்டினேன். ஏறியிருக்க வேண்டிய ஊசி ஏறவில்லை. முதல்நாள் பின்னேரம் இறங்கிய இடத்துக்குச் சற்று மேலே வந்து, அதற்குமேல் மனமில்லாததுபோல நின்றது. பதினொரு மணிக்கும் தட்டிப் பார்த்தேன். இறங்கத் தொடங்கியிருந்தது.

மைத்துனர் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். நான் வரம்பில் நின்று, "ஊசி இண்டைக்கு ஏறேல்லை" என்றேன்.

"அது மூச்சு விடுது அத்தான்" என்றார், மண்வெட்டியை நிறுத்தாமல்.

"மூச்சு விடுறதெண்டா இழுக்கவும் வேணும். இண்டைக்கு இழுக்கேல்லை."

இப்போதுதான் நிமிர்ந்தார். "மழை வரும் எண்டு சொல்லுறியளோ?"

பழக்கம் விடவில்லை. "நான் சொல்லேல்லை. ஊசி ஏறேல்லை எண்டுதான் சொன்னனான்."

வீட்டு விறாந்தையில் மாநாடு கூடியது. கனடா, மெல்போர்ன், வலிகாமம். அண்ணையின் செயலி மழை இல்லை என்றது. தங்கச்சியின் செயலி கொஞ்சம் தூறல் என்றது. வெங்காயம் இன்னும் பழுக்கவில்லை, தாள் சாயவில்லை, இப்போது பிடுங்கினால் கோலிக்குண்டு அளவுதான் இருக்கும் என்று மைத்துனர் சொன்னார். அதைவிட ஊரில் இன்னும் ஒருவரும் பிடுங்கவில்லை. முதலில் பிடுங்கினால் சிரிப்பார்கள்.

"செயலியிலை வடிவாக் காட்டுது, உங்கடை பக்கம் வெறும் நீலம்" என்றார் அண்ணை.

"அதுதான் பிரச்சினை" என்றேன். "உந்தக் கணினி உலகத்தைச் சதுரம் சதுரமா வெட்டித்தான் கணக்குப் போடும். எங்கடை குடாநாடு ஒரு சதுரத்துக்குக் காணாது. அந்தச் சதுரத்திலை முக்கால்வாசி கடல். அது உங்களுக்குக் கடலின்ரை வானிலையைச் சொல்லுது, வெங்காயத் தோட்டத்தின்ரையை இல்லை."

"அப்ப நாங்கள் கடலுக்குள்ளையோ இருக்கிறம்?" என்று மெல்போர்ன் சிரித்தது.

"கணினிக்கு ஓம்."

இவ்வளவு நேரமும் என் மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "இஞ்சருங்கோ, நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"நினைக்கிறதுக்கு நான் ஒரு நாளும் சம்பளம் எடுத்ததில்லை."

"இப்ப சம்பளமும் இல்லை, மேலதிகாரியும் இல்லை. அவன் விதையெல்லாத்தையும் மண்ணுக்குள்ளை வைச்சுக்கொண்டு நிக்கிறான். சொல்லுங்கோ."

சொன்னேன். இந்த மாதத்தில் விரிகுடா ஆறியிருக்க வேண்டும், ஆறியிருந்தால் இப்படி ஒன்று எழும்பாது. இந்த முறை இன்னும் சூடு மிச்சம் இருக்கிறது போல. சூட்டுக் கடலுக்கு மேலே காற்று எழும்பும், எழும்பின இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள காற்று ஓடிவரும், பூமி சுற்றுவதால் நேரே வராமல் வளைந்து வரும். அது எங்களுக்குத் தென்கிழக்கே எங்கோ நடக்கிறது. அது எங்கே திரும்பும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னுடைய வெங்காயம் என்றால் நான் பிடுங்குவேன். என் வாழ்க்கையின் முதலாவது எதிர்வுகூறல் அது. கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரில் ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"பிழைச்சால்?" என்றார் மைத்துனர்.

"என்ரை பேரைச் சொல்லும்."

"உங்கடை பேரைச் சொன்னா வெங்காயம் பெருக்குமோ அத்தான்?"

அவருடைய முகத்தைப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது. தோட்டத்துக்குப் போனார். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார், மண்ணைத் துடைத்தார், திரும்பவும் ஊன்றிவிடலாமா என்று யோசித்ததுபோல நின்றார். பிறகு வந்து முடிவைச் சொன்னார்.

"பாதி பிடுங்குவம். பெரியண்ணைக்கும் மரியாதை, அத்தானுக்கும் மரியாதை."

வளிமண்டலம் எங்கள் வீட்டு மரியாதையைப் பார்த்து நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன். அவளுக்கு அவளுடைய குடும்பம் தெரியும். பாதிக்குச் சம்மதிக்க வைத்ததே பெரிய காரியம்.

அன்று பின்னேரமே அக்கம்பக்கத்தவர்கள் கைமாற்றாக வேலை செய்து தர வந்தார்கள். எங்கள் வீட்டுப் பக்கத்துப் பாதியை "அத்தான் பாதி" என்றும், பனைகளின் பக்கத்துப் பாதியை "அண்ணை பாதி" என்றும் யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். பிடுங்கிய பச்சைத் தாள் வெங்காயத்தைப் பார்த்து, "என்ன, சலாட்டுக்கோ?" என்று கேட்டார் ஒருவர். நானும் குந்தியிருந்து பிடி கட்டினேன். ஒரே அளவாக, ஒரே முடிச்சாக. மற்றவர்கள் பத்துக் கட்டி முடித்தபோது நான் மூன்று கட்டியிருந்தேன். நடைமுறைப்படி கட்டினால் அப்படித்தான்.

மறுநாள் காலை வெயில் எறித்தது. சாதாரண வெயில் அல்ல, அந்தப் பழைய கண்ணாடி உருண்டையை வைத்திருந்தால் அட்டையே ஓட்டையாகியிருக்கும். முகில் ஒரு பங்குகூட இல்லை. ஒழுங்கையால் போன சைக்கிள்களெல்லாம் எங்கள் படலைக்கு முன்னால் மெதுவாகப் போயின.

"ஐயா, குடையைக் கொண்டு போகவோ?"

"மாஸ்டர், ஊசி என்ன சொல்லுது?" நான் மாஸ்டர் இல்லை, ஆனால் பகிடி பண்ணும்போது எல்லோரும் எனக்கு அந்தப் பட்டத்தைத் தருவார்கள்.

கனடாவிலிருந்து அண்ணை ஒரு குடையின் படத்தை மட்டும் அனுப்பியிருந்தார். மைத்துனர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. சிரித்தவர்களைவிட அதுதான் எனக்குச் சுட்டது. நான் மேசைக்கும் முற்றத்துக்கும் நடந்தேன். ஊசி பத்து மணிக்கும் ஏறவில்லை. அது தன் சொல்லில் நின்றது, நானும் வேறு வழியில்லாமல் நின்றேன். மத்தியானம் மனைவி எனக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தாள். அதுதான் அன்றைக்கு எனக்கு மிகப் பயம் தந்த அறிகுறி.

பின்னேரம் வாடைக்காற்று வேகம் எடுத்தது. பொழுதுபடுவதற்கு முதல் கிழக்குப் பக்கம் சாம்பலாகியது. விடியும்போது மழை தொடங்கிவிட்டது, அது எங்கள் மாரி மழையைப் போல இடித்து முழங்கி வரவில்லை. ஓட்டில் ஊற்றத் தொடங்கி, ஒரே அளவில், நிறுத்தும் எண்ணமே இல்லாமல் ஊற்றிக்கொண்டிருந்தது.

கிடுகுத் தொப்பியும் பிளாஸ்டிக் தாளுமாக எல்லோரும் "அண்ணை பாதி"க்குள் இறங்கினோம். முதல்நாள் குடை கேட்டவர்தான் முதலாவதாக வந்தார், தன்னுடைய தோட்டமும் தண்ணீருக்குள் நிற்க. செம்மண் கூழாகிக் காலை விடமாட்டேன் என்றது. பிடுங்கப் பிடுங்கத் தாள் கையோடு அறுந்து வந்தது, கிழங்கு மண்ணுக்குள்ளேயே நின்றது. மைத்துனர் கையை முழங்கைவரை விட்டுத் தடவித் தடவி எடுத்தார். ஒருவரும் கதைக்கவில்லை. அதுதான் எனக்கு வித்தியாசமாக இருந்தது. அந்த மனிதர்கள் செத்த வீட்டிலும் கதைப்பவர்கள்.

எடுத்தது கொஞ்சம். அதிலும் ஈரத்தோடு எடுத்தது மூன்றாம் நாளே மணக்கத் தொடங்கியது.

"அத்தான் பாதி"க்கும் ஆபத்து நீங்கவில்லை. பச்சைத் தாளோடு பிடுங்கிய வெங்காயத்துக்குக் காற்று வேண்டும், வெயில் வேண்டும். அவருடைய கொட்டில் மழையில் ஒரு பக்கம் ஒழுகியது. ஆகவே எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மண்டபத்தில் கயிறு கட்டினோம், விறாந்தையில் கட்டினோம், சாமியறையில் மட்டும் மனைவி விடவில்லை. மின்விசிறிகள் எல்லாவற்றையும் ஓடவிட்டோம். சாப்பிடும்போது தலைக்கு மேலே வெங்காயம், படுக்கும்போது தலைக்கு மேலே வெங்காயம். வந்தவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து ஒரு பெண் சாப்பாட்டோடு வந்தாள்.

மழை விட்ட பிறகு அண்ணை காணொளியில் வந்தார். மைத்துனர் தொலைபேசியைத் தூக்கி, தொங்குகிற பிடிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"நான் அப்பவே சொன்னனானெல்லோ, பாதியைப் பிடுங்கு எண்டு" என்றார் அண்ணை.

மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "ஓம் அண்ணை" என்றார்.

தொலைபேசியை வைத்ததும் கதிரையை இழுத்து ஏறி நின்றார். ஒவ்வொரு பிடியாகக் கழுத்தை நசித்துப் பார்த்தார். தாள் வாடி, கழுத்து இறுகத் தொடங்கியிருந்தது. சின்னன்தான், ஆனால் உள்ளே கெட்டி. நல்லதாகத் தெரிந்த பிடிகளை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டே போனார். தோள் கொள்ளாமல் போனதும் இறங்கி நின்று என் மனைவியிடம் சொன்னார்:

"விதைக்குக் காணும் அக்கா."

குரல் ஒரு மாதிரி இருந்தது. வெங்காயத்தால் என்று நினைக்கிறேன்.

"எங்கை கட்டித் தூக்கப் போறாய்? கொட்டில் இன்னும் காயேல்லை" என்றாள் அவள்.

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். காற்று நல்லாக வருகிற இடம் எங்கள் படுக்கையறைச் சன்னல். அதை அவரும் கண்டார், அவளும் கண்டாள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. அக்காவும் தம்பியும் கட்டிலின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துச் சுவரோரம் நகர்த்தினார்கள். வைகாசி நடுகைவரை நாங்கள் இருவரும் மண்டபத்தில் பாயில் படுத்தோம்.